மதுரையில் சிவப்பு, குற்றாலத்தில் பச்சை

அலுவலகத்தின் ஆண்டு மலருக்கு 'இனிய நினைவுகள்' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற எல்லோரிடமும் கேட்கிறார்கள். போன வருடம் எழுதியவர், பிரிவு உபசார விழாவில் போட்ட கேசரியைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருந்தார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. கேசரியும் ஆகாது, இனிய நினைவும் ஆகாது. ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். காயத்ரி கொண்டுவந்த செய்திதான் காரணம்.

காயத்ரி எங்கள் தென்காசி அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளர். நான் இருந்த நாற்காலியில் இப்போது இருப்பவள். இரண்டு வாரத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்தாள். காபி டம்ளரைக் கையில் வாங்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"வடிவக்கா, புது ஆர்டர் வருது. பத்து நிமிஷம் கன்ட்ரோலருக்குப் பதில் சொல்லாத பெட்டி எதுவா இருந்தாலும் தானாவே ஆஃப் ஆகி ஆன் ஆயிருமாம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆட்டோமேட்டிக் சுவிட்ச் மாட்டப் போறாவ. இனிமே ஆளே போக வேண்டாமாம்."

"யாரு சொல்லுதா?"

"மதுரையில இருந்து மெயில் வந்துருக்கு."

"குற்றாலத்துப் பெட்டியும் அதுல உண்டா?"

"மொதல்ல மாட்டப் போறதே அங்கனதான்."

எனக்குக் காபி கசந்தது. சர்க்கரை போடாததால் மட்டுமல்ல.

விவரம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தொலைபேசி ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, செங்கோட்டைக்கும் சங்கரன்கோவிலுக்கும் இணைப்புக் கயிறு செருகிக் கொடுப்பேன். பிறகு அந்தப் பலகையைத் தூக்கிப் போட்டார்கள். நான் வீட்டுக்குப் போகாமல் டெக்னீஷியன் பயிற்சிக்குப் போனேன். "கம்பத்துல ஏறுவியாம்மா?" என்று கேட்டார்கள். ஏறினேன். இறங்கி வந்ததும் மேஜை வேலை கொடுத்தார்கள். எழுதிக் கேட்டு, சண்டை போட்டு, மறுபடி வெளிவேலைக்கே வந்தேன். செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்தது. என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் மழையும் பள்ளமும்.

கண்ணாடி இழை ஊருக்குள் வீடு வீடாகப் பிரிகிற இடத்தில் ஒரு பெட்டி இருக்கும். ஊரின் போன், இன்டர்நெட், செல்போன் டவருக்குப் போகும் லைன், எல்லாம் அதன் வழியாகத்தான். ஆரம்பத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தப் புத்தி இருந்தது. எது எந்த வழியில் போக வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும், அதுவே அனுப்பும். பிறகு எல்லாவற்றையும் மென்பொருளால் ஆள்கிற ஏற்பாடு வந்தது. முடிவு செய்கிற வேலையைப் பெட்டியிடமிருந்து பிடுங்கி, மதுரையில் இருக்கும் ஒரு கணினியிடம் கொடுத்தார்கள். அதுதான் கன்ட்ரோலர். கன்ட்ரோலர் இருக்கும் பக்கத்தைக் கட்டுப்பாட்டுத் தளம் என்பார்கள். சொன்னபடி அனுப்பிக்கொண்டிருக்கும் பெட்டியின் பக்கம் தரவுத் தளம். இரண்டுக்கும் நடுவே ஒரு தனி லைன்.

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு ஒருமுறை போனால் இது புரிந்துவிடும். கமிஷன் கடைக்காரர் நின்றுகொண்டு, இந்த மூட்டை கொல்லத்து லாரிக்கு, அந்த மூட்டை திருவனந்தபுரம் டெம்போவுக்கு என்று சொல்வார். லோடுமேன்கள் சுமந்து ஏற்றுவார்கள். கடைக்காரர் டீ குடிக்கப் போனாலும் ஏற்றுகிற வேலை நிற்காது. சொன்னதுதான் நினைவிருக்கிறதே. புதிதாக வந்து இறங்கும் மூட்டை மட்டும் காத்துக் கிடக்கும். ஆனால் கடைக்காரர் இல்லாத நேரம் பார்த்து அந்த லோடுமேன்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாத புது ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஒரு மூட்டையும் நகராது. கன்ட்ரோலர் லைன் இல்லாத நேரத்தில் பெட்டியை அணைத்துப் போடுவது அதுதான்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. புளியறையில் படித்தேன்.

கன்ட்ரோலர் வந்த முதல் வருடம். புளியறைப் பெட்டி பதில் சொல்லவில்லை, போய் அணைத்துப் போடு என்று மதுரையிலிருந்து உத்தரவு. கேரளத்துக்குப் போகிற சாலையில், சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி. நான் பேருந்திலிருந்து இறங்கி நேராகப் போய்ச் சுவிட்சை அணைத்தேன், பத்து வரை எண்ணினேன், போட்டேன். கரண்ட் விளக்கு வந்தது. வாடிக்கையாளர் விளக்குகள் ஒன்றுகூட வரவில்லை. கோளாறு செங்கோட்டைக்குப் பக்கத்தில் கன்ட்ரோலர் லைனில் இருந்திருக்கிறது. அதைச் சரிசெய்யச் சாயங்காலம் ஆனது. அதுவரை சாவடியின் கணினி இல்லை, ஊரில் போன் இல்லை. டவரும் அந்தப் பெட்டியை நம்பித்தான் இருந்ததால் செல்போனும் இல்லை. லாரிகள் வளைவு தாண்டி நின்றன.

எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த லீலா சேச்சி கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"மேடம், இத்தற நேரம் போன் கிடைச்சிட்டு இருந்துல்லா? நீங்க வந்து தொட்ட பொறவுதானே போச்சு? என் மோளு புனலூர் ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குக் கிடக்கா. நான் இனி யாருகிட்ட கேக்க?"

நான் வரும்வரை பெட்டி வேலை செய்துகொண்டுதான் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. மதுரையில் திரை சிவப்பாக இருந்தது, பெட்டி செத்தது என்றார்கள். நான் பெட்டியைக் கண்ணால் பார்க்கக்கூட இல்லை. உயிரோடு இருந்ததைக் கொன்றுவிட்டு, மூச்சு வரவில்லையே என்று முழித்துக்கொண்டு நின்றேன். சேச்சியைச் செங்கோட்டையிலிருந்து வந்த எங்கள் ஜீப்பில் ஏற்றிப் புனலூருக்கு அனுப்பினேன். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். அதனால் நான் செய்தது சரியாகிவிடாது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்த அறைக்குப் போனாலும் முதலில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். எந்த விளக்கு எரிகிறது, எது சிமிட்டுகிறது, எது அணைந்திருக்கிறது என்று மேலிருந்து கீழாகப் பார்த்து, நோட்டில் நேரத்தோடு எழுதுவேன். எழுதி முடித்த பிறகுதான் கை முன்னால் வரும். லைன்மேன் சுடலைமுத்து இதைப் பார்த்து, "அக்கா சாமி கும்பிட ஆரம்பிச்சிட்டாவ" என்று கேலி செய்வான். செய்துவிட்டுப் போகட்டும்.

இனி ரகுநாதன் சார். மதுரைச் செயல்பாட்டு மையத்தின் தலைவர். தென் மாவட்டப் பெட்டிகள் அத்தனையும் அவர் எதிரே ஒரு பெரிய திரையில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பெண் ஊழியர் எல்லோரையும் 'அம்மா' என்பார். ஏதாவது கோளாறு என்றால் நடைமுறைக் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஸ்டெப் ஒண்ணு" என்று வாசிப்பார். நாம் செய்துவிட்டு "செஞ்சாச்சு" என்று சொல்ல வேண்டும். "செய்யறேன்" என்று சொன்னால் ஏற்கமாட்டார். 'செஞ்சாச்சு' வந்த பிறகு நேரத்தைச் சொல்லிக் குறித்துக்கொண்டு, "ஸ்டெப் ரெண்டு" என்பார். நடுவில் நாம் ஏதாவது சொன்னால் முழுதும் கேட்பார். கேட்டு முடித்து, "சரிம்மா, ஸ்டெப் ரெண்டு" என்பார். சொன்னது அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்கவே முடியாது. லஞ்சம் வாங்காதவர், யாரையும் அவமானப்படுத்தாதவர், சீசனில் ஒருநாள் லீவு எடுக்காதவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

அவருக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது நான் ஓய்வு பெற ஒன்பது மாதம் இருக்கும்போது. அந்தக் கதைக்கு முன்னால் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் தவறை மட்டும் எழுதுகிறவள் என்று பேர் வாங்க எனக்கு விருப்பமில்லை.

குற்றாலத்தில் சீசன் தொடங்கும் முன் வீதியோரம் தற்காலிகக் கடைகள் போடுவார்கள். நேந்திரங்காய் சிப்ஸ், அல்வா, ரம்புட்டான், துண்டு, மசாஜ் எண்ணெய். ஒவ்வொரு கொட்டகைக்கும் கால் ஊன்றக் குழி தோண்டுவார்கள். அந்தக் கடப்பாரை எங்கள் கேபிளுக்கு எமன். அதனால் வருடா வருடம் சுடலையும் நானும் கடைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வீதி நெடுக நடந்து, கேபிள் போகிற இடத்திலெல்லாம் சிவப்புத் துணி கட்டிய குச்சி நடுவோம். "அண்ணாச்சி, இதுக்கு ஒரு முழம் தள்ளித் தோண்டிக்கிடுங்க" என்று சொல்லுவோம். அவர்களும் அந்த வார்த்தையை மீறமாட்டார்கள். குச்சி ஆடினால்கூட போன் போட்டுக் கேட்கிறவர்கள்.

அந்த வருடம் கன்ட்ரோலருக்கென்று புதிதாக ஒரு தனி லைன் போட்டிருந்தார்கள். மதுரையிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர் வீதியின் எதிர்ப்பக்கமாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார். வரைபடம் எங்களுக்கு வரவில்லை. கேட்டு வாங்கியிருக்கலாம். 'அதில் வாடிக்கையாளர் யாரும் இல்லையே' என்று விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு குச்சிகூட நடவில்லை.

சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரருவியில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். எங்கள் பெட்டி இருந்தது கடைவீதிக்குப் பின்னால் ஒரு சின்னக் கான்கிரீட் அறையில். சீசன் டியூட்டியில் நானும் சுடலையும் அங்கே இருந்தோம். அந்தப் பெட்டியை நம்பி லாட்ஜுகள் இருந்தன, வீடுகள் இருந்தன, டவர் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு லைன் இருந்தது. அருவிக்கு மேலே மலையில், ஓடையோரமாக ஒரு கண்காணிப்புக் குடில். மலையில் பெரிய மழை பிடித்து ஓடையில் தண்ணீர் ஏறினால், அங்கே இருப்பவர் கீழே அருவியடியில் இருக்கும் காவல் சாவடிக்குப் போன் போடுவார். சாவடியில் விசில் ஊதிக் குளிப்பவர்களை வெளியேற்றுவார்கள். மேலே ஏறிய தண்ணீர் கீழே வந்து விழச் சில நிமிடங்கள்தான். கீழே நிற்பவர்கள் தலையில் வெறும் சாரல்தான் விழுந்துகொண்டிருக்கும். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

மதியம் இரண்டு மணி தாண்டி அறையிலிருந்த போன் அடித்தது.

"அம்மா, ரகுநாதன். குற்றாலம் டவுன். ரெண்டு பத்துல இருந்து ரெட்டா இருக்கு. லாட்ஜ்ல இருந்து கம்ப்ளெய்ன்ட் வர ஆரம்பிச்சிருக்கு. ஸ்டெப் ஒண்ணு."

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டி முன்னால் நின்றேன். கரண்ட் விளக்கு பச்சை. வாடிக்கையாளர் விளக்குகள் வரிசையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தன. மேல் வரிசையில் கடைசிக்கு முந்தியது மலைக்குடில், அதற்கு அடுத்தது காவல் சாவடி. இரண்டும் பச்சை. கன்ட்ரோலர் விளக்கு மட்டும் அணைந்திருந்தது. நோட்டில் எழுதினேன். சுடலையைப் பார்த்து, "ஏலே, கன்ட்ரோலர் லைன் அறுந்துருக்கு. வீதியோட போயி எந்தக் கடையில புதுசாக் கால் ஊன்றியிருக்கான்னு பாரு" என்றேன். குடையை எடுக்காமலே ஓடினான்.

"சார், பெட்டி உயிரோடதான் இருக்கு. கன்ட்ரோலர் லைன்தான் போயிருக்கு. அணைச்சுப் போட்டா வழி சொல்ல ஆளில்லாம வெறும் பெட்டியா நிக்கும்."

"ஸ்க்ரீன்ல ரெட்டா இருக்கும்மா."

"சார், நீங்க இப்ப பேசுத போனே இந்தப் பெட்டி வழியாத்தான் வருது."

அவர் அதையும் முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிம்மா. புது வெர்ஷன் கடைசி செட்டிங்ஸை சேமிச்சு வெச்சுக்கும்னு கம்பெனிக்காரங்க எழுதிக் கொடுத்திருக்காங்க. மூணு நிமிஷத்துல எல்லாம் திரும்ப வந்துரும். முதல் மூணு ஸ்டெப்பும் விளக்கு பார்க்கறதுதான், அதை நீங்க பார்த்தாச்சு. ஸ்டெப் நாலு, பவர் ஆஃப்."

"யாராவது அணைச்சுப் பார்த்துருக்காவளா சார்?"

"எழுதிக் கொடுத்திருக்காங்கம்மா. ஸ்டெப் நாலு."

என் வாழ்க்கையில் 'செஞ்சாச்சு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் முதல் தடவையாக, "செய்யமாட்டேன் சார்" என்றேன். பயம்தான். பயமில்லை என்று இப்போது எழுதினால் யார் வந்து மறுக்கப் போகிறார்கள்? ஆனால் பயந்தேன்.

"இது உத்தரவும்மா. ரெண்டு நாற்பதுன்னு குறிச்சுக்கறேன்."

"மறுத்தேன்னும் குறிச்சுக்கிடுங்க சார். அதையும் ரெண்டு நாப்பதுன்னே போடுங்க."

அவர் தென்காசி அலுவலகத்திலிருந்த மேற்பார்வையாளர் அருணாசலத்தை ஜீப்பில் அனுப்பினார். தென்காசி பக்கம்தான். ஆனால் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் ஜீப் நகர்ந்தால்தானே? அந்த நெரிசலுக்கு அன்றைக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டேன். அறைக் கதவைப் பூட்டினேன், சாவியை இடுப்பில் செருகினேன், கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

அப்படி உட்கார்ந்திருந்த நேரம் பெருமையான நேரமல்ல. செல்போனில் லாட்ஜ் மேனேஜர்கள் வரிசையாகத் திட்டினார்கள். புதிதாக அறை எடுத்து இணைய வந்தவர்களுக்கு இணைப்பு கிடைக்கவில்லை. அது உண்மை. புது மூட்டைக்கு வழி சொல்லக் கமிஷன் கடைக்காரர் இல்லை. ஒருவேளை ரகுநாதன் சார் சொன்னதே சரியாக இருந்து, மூன்று நிமிடத்தில் எல்லாம் வந்துவிடுமோ என்றும் நினைத்தேன். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அருணாசலம் வரும்போது மூன்றரை. நனைந்து வந்திருந்தார். என்னைவிட நான்கைந்து வயது இளையவர், நல்ல மனிதர்.

"வடிவக்கா, சாவியக் குடுங்க."

"குடுக்க மாட்டேன்."

"ஒம்பது மாசம்தான் இருக்கு ஒங்களுக்கு. எதுக்கு இந்த வேண்டாத வேல? நான் அணைச்சுப் போடுதேன். பழி என்மேல வரட்டும்."

"பழி யார்மேல வந்தா என்ன அருணாசலம்? மேல குடில்ல இருக்கவன் போன் போடும்போது லைன் இல்லைன்னா, பழிய வச்சு அருவியில நிக்குதவனை இழுத்துப் போடுவியளா?"

"எல்லாம் மூணு நிமிஷம்தாங்க்கா."

"புளியறையில ஏழு மணி நேரம்."

அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது. கீழேயிருந்து விசில் கேட்டது. ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நிற்காமல். அருவிப் பக்கமிருந்து ஈரத் துணியோடு ஆட்கள் மேலே ஓடி வந்தார்கள். ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைச் செருப்போடு வந்தாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எண்ணெய் வழிய வழிய வந்தார்கள். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறியதை நாங்கள் நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. சத்தம் மாறிவிட்டது. பேச்சு கேட்காத அளவுக்கு இரைச்சல்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினேன். மூன்று நாற்பது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அருணாசலம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அவர் சாவியைக் கேட்கவில்லை. அன்று ஒருவர்கூடத் தண்ணீரோடு போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் சுடலை போன் செய்தான். ஒரு துண்டுக் கடையின் கொட்டகைக் கால், புது லைனை நட்டநடுவில் துளைத்துக்கொண்டு இறங்கியிருந்தது. காற்றில் கொட்டகை சாய்ந்ததால் அன்று மதியம் இரண்டு மணி வாக்கில்தான் அந்தக் காலை மாற்றி ஊன்றியிருக்கிறார்கள். நான் போனபோது கடைக்காரர் அழாத குறை.

"அக்கா குச்சி நட்ட பக்கமே நான் கடப்பாரையக் கொண்டு போகலியே. குச்சி இல்லாத பக்கமாப் பாத்துல்லா தோண்டினேன்!"

"ஒங்கமேல தப்பில்ல அண்ணாச்சி. குச்சி நடாதவ நான்தான்" என்றேன்.

அவருடைய தார்ப்பாயின் கீழே, அவர் கொடுத்த புதுத் துண்டுகளை ஈரம் படாமல் விரித்து, சுடலை இழையைச் சீவி ஒட்டினான். ஐந்து மணிக்குச் சற்று முன் கன்ட்ரோலர் விளக்கு பச்சையானது. அறைக்குத் திரும்பியபோது போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, குற்றாலம் வந்துருச்சு" என்றார் ரகுநாதன் சார்.

"அது எங்கயும் போகலியே சார்" என்றேன்.

நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்துக் குறிப்பாணை வந்தது. 'இயங்காத கருவியை மறுதொடக்கம் செய்ய மறுத்தது, மேலதிகாரியின் உத்தரவை மீறியது, கருவி அறையைப் பூட்டியது.' விசாரணைக்கு மதுரை போனேன். ரகுநாதன் சார் எனக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வெள்ளத்தைப் பற்றி நான் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு, "அது தற்செயலும்மா. நடைமுறை எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார்.

"சரி சார். ஒரே ஒரு சோதனை செஞ்சு பாருங்க. இதே பெட்டி ஒண்ணு தென்காசியில உபரியாக் கிடக்கு. கன்ட்ரோலர் லைனைப் பிடுங்கிட்டு அணைச்சுப் போடுங்க. விளக்கு எரிஞ்சா நான் மன்னிப்பு எழுதிக் குடுக்கேன். எரியலைன்னா ஸ்டெப் நால மாத்துங்க."

"பரிசீலிக்கறோம்மா."

பரிசீலிக்கவில்லை. எனக்குக் கண்டனம் பதிவானது, சோதனை நடக்கவில்லை. ஓய்வு பெறுகிற அன்று அலுவலக மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, 'நடந்ததற்கு வருந்துகிறேன்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அந்தக் கண்டனத்தை நீக்கிவிடலாம், சுத்தமான பதிவோடு போகலாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். 'கன்ட்ரோலர் லைன் பக்கம் குச்சி நடாததற்கு வருந்துகிறேன்' என்று. அவர் படித்துவிட்டு, இது செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு வேறு வருத்தம் இல்லை என்று சொல்லிவிட்டு மாலையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதையெல்லாம் காயத்ரியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு போனாள். போன புதன்கிழமை மதியம் போன் செய்தாள். பின்னால் இரண்டு மூன்று பேர் பேசுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, உபரிப் பெட்டிய எடுத்து வச்சோம். புது வெர்ஷன்தான். விளக்கெல்லாம் பச்சையா வந்த பொறவு கன்ட்ரோலர் லைனப் பிடுங்கினோம். அரை மணி நேரம் ஒரு விளக்கும் அணையல. பொறவு அணைச்சுப் போட்டோம்."

"என்னாச்சு?"

"இருட்டாக் கிடக்குக்கா. மூணு நிமிஷம் இல்ல, ரெண்டு மணி நேரமாச்சு. கரண்ட் விளக்கு மட்டும்தான் எரியுது. அருணாசலம் சாரும் இங்கனதான் நிக்காவ. அவியதான் மொதல்ல உங்ககிட்ட சொல்லச் சொன்னாவ."

நான் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். ஜெயித்துவிட்டோம் என்றல்ல. அன்றைக்கு அந்த இருட்டு குற்றாலத்தில் விழுந்திருக்கும் என்பது அதுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. அந்த ஒற்றைச் செருப்புப் பெண்ணின் தோளில் இருந்த குழந்தை கண்ணில் வந்தது.

காயத்ரி சோதனை முடிவை எழுதி மதுரைக்கு அனுப்பியிருக்கிறாள். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. ரகுநாதன் சார் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தப் பதில் மட்டும் ஓய்வு பெறவில்லை. தானாக அணைத்துப் போடும் சுவிட்சுகள் பெட்டி பெட்டியாகத் தென்காசிக்கு வந்து இறங்கியும்விட்டன. என்னிடமாவது சாவி கேட்க ஒரு மனிதர் மழையில் நனைந்து வந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து விசில் சத்தத்தைக் கேட்டார். இந்தச் சுவிட்சுக்குக் காது கிடையாது.

ஆகவே மலர்க் குழுவுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பக்கம் கேட்டீர்கள், கூடிவிட்டது. வெட்டுவதென்றால் கம்பத்தில் ஏறியதை வெட்டிக்கொள்ளுங்கள். குறிப்பாணையை வெட்டாதீர்கள். என் கோப்பில் அது அப்படியே இருக்கட்டும். குற்றாலத்தில் அந்தச் சுவிட்சை மாட்டும் உத்தரவில் கையெழுத்துப் போடப்போகிறவர் முதலில் அந்தக் காகிதத்தை எடுத்துப் படிக்க வேண்டும். 'இயங்காத கருவி' என்று முதல் வரியில் இருக்கிறது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தபோதே அதன் கீழே நான் கோடு போட்டு, ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: 'பிற்பகல் 3.40. மலைக்குடிலிலிருந்து காவல் சாவடிக்கு அழைப்பு. இந்தக் கருவி வழியாக.'